மேல் எதற்கு? பரப்பு போதும்

சேலத்தில் பாய்லர் பயிற்சிக்காக அச்சடித்த கையேடு ஒன்று போன வாரம் கைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் "தேவையான வெப்பக் கடத்தல் மேற்பரப்பளவு", அதாவது ஆங்கிலத்தில் heat transfer surface area. அதைப் படித்த பையன், "குழாயோட மேல்பக்கத்தை மட்டும் அளந்தா போதுமா சார்?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை.

பர என்றால் விரி. பரவு, பரப்பு, கடலைக் குறிக்கும் பரவை எல்லாம் அதில் பிறந்தவை. பரப்பின் அளவு பரப்பளவு. வேர்க்கதை அவ்வளவுதான்.

அந்த 'மேல்' எதற்கு? ஆங்கிலத்தில் surface, area என்று இரண்டு சொல் நிற்கிறது, நாமும் ஒன்றை ஒட்டிவைப்போம் என்ற பயம்தான். சேலத்து மூக்கனேரி ஏரியில் இலை மிதப்பது மேற்பரப்பு, ஒத்துக்கொள்கிறேன். குழாய்க்கு உள்ளும் உண்டு, புறமும் உண்டு. வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்க் கனம் 2 மி.மீ. என்றால் உள்விட்டம் 21. ஒரு மீட்டர் நீளத்துக்கு வெளிப்பரப்பு 0.0785 சதுர மீட்டர், உட்பரப்பு 0.066. எதை வைத்துக் கணக்கிட்டோம் என்று எழுதாவிட்டால் ஆறில் ஒரு பங்கு பிசகும். 'மேல்' என்ற சொல் இதில் எந்தப் பக்கம்?

'கடத்தல்' இன்னும் மோசம். வெப்பம் போகும் வழியைக் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று பள்ளியிலேயே மூன்றாகப் பிரித்துச் சொல்லித்தருகிறோம். மூன்றில் ஒன்றின் பெயரை மூன்றுக்கும் வைத்தால் எப்படி? (ஏற்காடு அடிவாரத்தில் கடத்தல் என்றால் சந்தனக்கட்டை, அதை விடுங்கள்.) அதற்குப் பதில் 'பரிமாற்றம்' என்றால் அது கொடுக்கல் வாங்கல், வெப்பமோ சூட்டிலிருந்து குளிருக்கு ஒருவழியாகத்தான் போகும். ஆனால் வெப்பப் பரிமாற்றி (heat exchanger) என்ற கருவிப்பெயர் வேரூன்றிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. பரப்பையாவது 'வெப்பம் கடக்கும் பரப்பு' என்போமே.

கணக்கும் அப்போது தானே விளங்கும். மணிக்கு 1000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு, 100 டிகிரி நீராவியால் சூடாக்க வேண்டும். கடக்க வேண்டிய வெப்பம் சுமார் 46.5 கிலோவாட். ஒரு முனையில் வித்தியாசம் 70, மறுமுனையில் 30. வழியெல்லாம் வித்தியாசம் மாறிக்கொண்டே போவதால் எடுக்கும் மடக்கைச் சராசரி (log mean) 47. ஒரு சதுர மீட்டரில், டிகிரிக்கு 1000 வாட் கடந்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பு போதும். போர் தண்ணி உப்பு குழாயில் படிந்து அந்த 1000 பாதியானால் இரண்டு வேண்டும்.

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசிக் களத்தில் ஒரு அம்மா, "குமிச்சு வெக்காத, நல்லா பரப்பிப் போடு" என்று கத்திக்கொண்டிருந்தார். மேற்பரப்பிப் போடச் சொல்லவில்லை.