நிலவுக்கும் ஒரு பாகப்பத்திரம்

கோபிசெட்டிபாளையத்தில் முப்பது ஆண்டுகளாகச் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். என் மேசைக்கு வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் கிணறு, வாய்க்கால், வண்டித்தடம். கோவையில் பொறியியல் படிக்கும் தங்கை மகன், தான் எழுதிவரும் எதிர்கால வரலாற்றுக் கதையைச் சென்ற மாதம் படிக்கக் கொடுத்தான். நிலவின் தென்துருவத்தில் இரண்டு குடியேற்றங்கள், 2140-இல் போர். எதற்காகச் சண்டை என்று கேட்டேன். "இரண்டும் எதிரி நாடுகள், மாமா" என்றான்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. என்னிடம் எதிரிகள் வருவதில்லை, பங்காளிகள்தான் வருகிறார்கள்.

ஒரு வழக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த பத்திரத்தில், "கிணற்றில் சரிபாதி பாத்தியம், நாள் முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது" என்று இருக்கிறது. மின் இணைப்பு அண்ணன் பெயரில். எழுதிய காலத்தில் தண்ணீர் நாற்பது அடியில் நின்றது. கிணற்றை ஆழப்படுத்தினால் செலவு யாருடையது, பக்கத்தில் ஆழ்குழாய் இறக்கலாமா என்றெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. பேரன்கள் காலத்தில் ஒருவர் தன் பங்கில் ஆழ்குழாய் இறக்கினார். கிணறு வற்றியது. மற்றவர் வண்டித்தடத்தை மறித்தார். வழக்கு 19 ஆண்டுகள் நடந்தது. இழவு வீட்டுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

இப்போது நிலவைப் பாருங்கள். தென்துருவத்தில் ஷேக்கில்டன் என்று ஒரு பள்ளம், சுமார் 21 கி.மீ. அகலம். அதன் விளிம்பு மேடுகள் சிலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும். அடியில் வெயிலே படாது. அப்படிப்பட்ட நிழல் பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆக, மின்சாரம் மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். மேட்டில் இடமோ கொஞ்சம். முதலில் வந்தவர் அதைப் பிடித்துக்கொள்வார், அடுத்து வந்தவர் பள்ளத்தில் இறங்கத் தடம் கேட்பார். சூரியன் அங்கே அடிவானத்தை ஒட்டியே சுற்றுவதால், ஒருவர் தன் சூரியத் தகடுகளை உயர்த்தினால் அடுத்தவர் தகட்டில் நிழல் விழும். இதில் முதல் துப்பாக்கி எங்கே வேண்டியிருக்கிறது?

1967-இன் விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் நிலவைத் தன் ஆட்சிப்பகுதியாக்க முடியாது. ஆனால் தோண்டி எடுத்த பொருளைத் தன் குடிமக்கள் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றியது. நிலவுப் பயணங்களுக்காகப் பல நாடுகள் சேர்ந்த 2020-இன் ஆர்டெமிஸ் ஒப்பந்தம், ஒருவர் வேலை செய்யும் இடத்தில் மற்றவர் இடைஞ்சல் செய்யாதிருக்கச் சுற்றிலும் 'பாதுகாப்பு வளையம்' பற்றிப் பேசுகிறது. இந்தியா 2023 ஜூனில் அதில் கையெழுத்திட்டது. பட்டா கிடையாது, வேலி போடலாம் என்றால் நெடுநாள் அனுபவித்ததாலேயே கோரும் உரிமை, அதாவது அனுபவ பாத்தியம், எப்படி முளைக்கும் என்பது புறம்போக்கு வழக்கு நடத்திய எவருக்கும் தெரியும்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்க வேண்டும் என்பதை அவனிடம் அழுத்திச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் கீழ்பவானி பாசன வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் 200 கி.மீ. நீளம். கான்கிரீட் போட்டால்தான் தண்ணீர் வந்து சேரும் என்றார்கள் கடைமடை விவசாயிகள். கசிவுநீர் நின்றால் எங்கள் கிணறுகள் வற்றும் என்று எதிர்த்தார்கள் மற்றவர்கள். யாரைப் பொய்யர் என்பீர்கள்? பெரிய குடியேற்றத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பிழைக்கும் ஒரு சின்னக் குடியேற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியது அந்த நீரைத் தானே சுத்திகரிக்கத் தொடங்கும் நாளில், அக்கிரமம் எதுவும் செய்யாமலே ஓர் ஊரைக் கொன்றுவிடும்.

செவ்வாய் என்றால் தூரமும் சேரும். இங்கிருந்து செய்தி போக 3 முதல் 22 நிமிடங்கள், கப்பல் கிளம்ப ஏற்ற காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறை. இங்கேயே தடை உத்தரவை நீதிமன்ற அமீனா கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தென்னையை வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். அங்கே உள்ளூர் நீதிமன்றம் ஒன்று உருவாகியே தீரும். தனிநாடு அந்த நீதிமன்றத்தில்தான் பிறக்கும் என்பது என் கணிப்பு.

போரை ஒதுக்கிவிட்டுப் பத்திரத்தை முதலில் எழுதி வா என்று அனுப்பினேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தான், நான்கு பக்கம். எல்லைகள், பனிக்கட்டியில் சரிபாதி, 14 நாளுக்கு ஒரு முறை, சாட்சிகள் எல்லாம் இருந்தன. பள்ளத்துக்கு இறங்கும் தடம் சரிந்தால் பழுது பார்ப்பது யார் என்பது மட்டும் இல்லை.

"சேர்த்துவிடட்டுமா மாமா?"

"வேண்டாம். கையெழுத்துப் போடும்போது ஒரு குமாஸ்தா அதைக் கவனித்துச் சொல்லியிருப்பார். யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அவரிடமிருந்து ஆரம்பி."