செஸ், மேல்வரி, நோக்கவரி: ஒரு சொல் விளக்கம்

பட்ஜெட் அன்னைக்கு டிவில கீழ ஓடுற எழுத்துல "செஸ் 4 சதவீதம்"னு வரும், பெட்ரோல் விலை செய்தில "விவசாய செஸ்"னு வரும், சம்பளம் வாங்குறவங்களுக்கு ஃபார்ம் 16ல வரி எல்லாம் கூட்டி முடிச்ச பிறகு "உடல்நலம் மற்றும் கல்வி செஸ்"னு தனியா ஒரு தொகை நிக்கும். எல்லாரும் கட்டுறோம். ஆனா அந்த சொல்லுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா "அதுவும் ஒரு வரிதாங்க"ன்னு சொல்லிட்டு போயிடுறோம். வரிதான், ஆனா மத்த வரி மாதிரி இல்ல, அந்த வித்தியாசம் தெரிஞ்சாதான் டெல்லில எடுக்குற ஒரு முடிவு எப்படி நம்ம வீட்டு வரி வரைக்கும் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து நிக்குதுன்னு புரியும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல பொருள். இந்த வேலைக்குத்தான் இந்த பணம்னு பேர் சொல்லி வாங்குற வரிதான் செஸ். வருமான வரியை என்னத்துக்கு செலவு பண்ணுவோம்னு அரசு முன்கூட்டியே சொல்லாது, சொல்லவும் வேண்டாம், பொது கஜானால போடும், சம்பளம் குடுக்கும், ராணுவத்துக்கு குடுக்கும். செஸ் அப்படி இல்ல, கல்விக்குன்னு வாங்குனா கல்விக்கு, ரோட்டுக்குன்னு வாங்குனா ரோட்டுக்கு. இன்னொரு குணமும் இதுக்கு இருக்கு, பல சமயம் இது வரி மேலயே போடுற வரி. உங்களுக்கு வருமான வரி ஒரு லட்சம்னா அந்த லட்சத்துக்கு 4 சதவீதம், அதாவது இன்னொரு 4,000 ரூபா. 2004ல கல்வி செஸ்னு 2 சதவீதமா ஆரம்பிச்சது, 2007ல உயர்கல்விக்குன்னு 1 சதவீதம் சேந்துச்சு, 2018ல ரெண்டையும் எடுத்துட்டு உடல்நலத்தையும் சேத்து 4 ஆக்கிட்டாங்க.

சொல் எங்கருந்து வந்துச்சுன்னா, இங்கிலீஷ்ல வரி மதிப்பீட்டுக்கு அசெஸ்னு சொல்றோம்ல, அதோட தலை உதிர்ந்து மிச்சம் நின்னதுதான் செஸ். அசெஸ்ஸோட லத்தீன் வேர்ல பாத்தா பக்கத்துல உக்காருறதுன்னு பொருள், நீதிபதிக்கு பக்கத்துல உக்காந்து யாருக்கு எவ்வளவுன்னு கணிக்கிற ஆள். 16ஆம் நூற்றாண்டுல அயர்லாந்துல இங்கிலீஷ் படைக்கு சோறும் தங்க இடமும் குடுக்கணும்னு குடியானவங்ககிட்ட கறந்ததுக்கு செஸ்னுதான் பேரு. ஸ்காட்லாந்துல நிலவரிக்கு அந்த பேரு. அப்புறம் 19ஆம் நூற்றாண்டுல அயர்லாந்துல ஜில்லா ஜில்லாவா ரோடும் பாலமும் போட வசூல் பண்ணதும் செஸ்தான். படைக்கு கறந்ததுக்கு இருந்த பேரு ஊர்ப்பணத்துக்கும் ஆயிடுச்சு.

இங்க வந்த கதைதான் முக்கியம். 1870 டிசம்பர்ல அப்ப வைஸ்ராயா இருந்த மேயோ பிரபு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஜெயில், போலீஸ், கல்வி, ஆஸ்பத்திரி, ரோடு இதெல்லாம் இனிமே மாகாணங்களோட பொறுப்பு, அதுக்கு வருஷா வருஷம் இவ்வளவுன்னு ஒரு தொகை தருவோம், பத்தலைன்னா நீங்களே பாத்துக்கங்கன்னு. குடுத்த தொகை அதுவரைக்கும் செஞ்ச செலவை விட குறைச்சல். மாகாணம் என்ன பண்ணும், கீழ இருக்கவன்கிட்டதான் வரும். அடுத்த வருஷமே, 1871ல, மெட்ராஸ்ல உள்ளூர் நிதிச் சட்டம் வந்துச்சு, வங்காளத்துல ரோடு செஸ் சட்டம் வந்துச்சு, நிலவரி மேல இன்னொரு வரியா குடியானவன் தலையில விழுந்துச்சு. மேல இருக்கவங்க செலவை கீழ தள்ளிவிட்டா அது கடைசில ஒரு ரசீதா நம்ம கைக்கு வரும்ங்கிறதுக்கு இதைவிட பழைய உதாரணம் எனக்கு தெரியல. இருந்தாலும் ஒண்ணு சொல்லணும், அந்த செஸ் அந்தந்த ஊருக்கே செலவாச்சு, அதுலதான் பின்னாடி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு எல்லாம் வளந்துச்சு.

எங்க தாத்தாவோட கிஸ்தி ரசீது கட்டு ஒண்ணு இன்னும் டிரங்கு பெட்டில இருக்கு, பழுப்பேறி மடிப்புல கிழிஞ்சு போன காகிதம். அதுல நிலவரிக்கு கீழ தலவரி, அதுக்கு கீழ தலமேல்வரி. சின்ன வயசுல நான் தலவரின்னா ஆளுக்கு இவ்வளவுன்னு தலைக்கு போடுற வரின்னு நினைச்சிருந்தேன். அது தலைவரி, வேற. இது ஸ்தலம், தலம், அதாவது ஊர். ஸ்தல ஸ்தாபனம்னு பழைய ஆளுங்க உள்ளாட்சிக்கு சொல்வாங்களே, அந்த தலம். செஸ்ஸுக்கு நம்ம கிராமக் கணக்குல ஏற்கனவே ஒரு தமிழ்ப் பேர் இருந்திருக்கு பாருங்க, 1994 ஊராட்சிகள் சட்டத்துலயும் இந்த ரெண்டு வரியும் இருக்கு.

நகரத்துல இருக்கவங்க வீட்டு வரி ரசீதை எடுத்து பாத்தா நூலக வரின்னு ஒரு இனம் இருக்கும். அதுவும் செஸ்தான், எனக்கு ரொம்ப பிடிச்ச செஸ். 1948ல மெட்ராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்துச்சு, இந்தியாவுல இந்த மாதிரி சட்டம் அதுக்கு முன்னாடி எந்த மாகாணத்துலயும் கிடையாது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுக்காக எவ்வளவு உழைச்சார்னு நூலகத்துறைல இருக்கவங்களுக்கு தெரியும். சொத்து வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் இவ்வளவுன்னு நூலகத்துக்கு சேத்து வாங்கணும், இப்ப அது ரூபாய்க்கு 10 பைசா. ஊர்க் கிளை நூலகத்துல காலைல பேப்பர் படிக்க வர்ற பெரியவங்களும் போட்டித் தேர்வுக்கு படிக்கிற பசங்களும் உக்கார்ற அந்த பெஞ்சுக்கு பின்னாடி இந்த 10 பைசா இருக்கு. பேர்லயே வேலை இருக்கு, யாருக்கும் விளக்கம் தேவையில்ல.

இப்ப ஒன்றிய அரசோட செஸ்ஸுக்கு வருவோம். 2000ல 80ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்துச்சு, அதுவரைக்கும் வருமான வரியும் கலால் வரியும் மட்டும்தான் மாநிலங்களோட பங்கு போட்டாங்க, அதுக்கப்புறம் ஒன்றியம் வசூலிக்கிற வரி ஏறக்குறைய எல்லாமே பங்கு போடுற தொகுப்புக்குள்ள வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா ரெண்டே ரெண்டை மட்டும் வெளிய வெச்சாங்க, செஸ்ஸும் சர்சார்ஜும் (சர்சார்ஜ்னா இந்த வேலைக்குன்னு பேர் சொல்லாம வரி மேல கூடுதலா போடுறது). அந்த வாசல் வழியாத்தான் பின்னாடி நிறைய போச்சு. மாநிலங்களுக்கு எவ்வளவு பங்குன்னு பரிந்துரைக்கிறது நிதிக் குழு, 14ஆவது குழு மாநிலப் பங்கை 32லருந்து 42 சதவீதமா ஏத்துச்சு, 15ஆவது குழு 41ன்னு வெச்சுச்சு. கேக்க பெரிய தொகை. அதே சமயம் மொத்த வரி வசூல்ல செஸ் சர்சார்ஜோட பங்கு 2011-12ல 10 சதவீதம் பக்கம் இருந்தது அடுத்த பத்து வருஷத்துக்குள்ள 20 பக்கம் போயிடுச்சு. தட்டு பெருசாச்சுன்னு சொல்றாங்க, ஆனா பானைல அஞ்சுல ஒரு பங்கு சோறை வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு மிச்சத்துலதான் பங்கு.

பெட்ரோல்ல இதை பைசா பைசாவா பாக்கலாம். 2021 பிப்ரவரி பட்ஜெட்ல பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2.50 ரூபா வேளாண் கட்டமைப்பு செஸ் போட்டாங்க, டீசலுக்கு 4 ரூபா. பங்க்ல விலை ஏறல, ஏன்னா அதே நாள்ல அடிப்படை கலால் வரியை 2.98லருந்து 1.40க்கு குறைச்சாங்க, சிறப்பு கூடுதல் கலால் வரியை 12லருந்து 11க்கு குறைச்சாங்க. வாங்குறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா இதுல மாநிலங்களுக்கு பங்கு உள்ளது அடிப்படை கலால் மட்டும்தான், அது பாதிக்கும் கீழ போச்சு. 2022 மே மாச குறைப்புக்கு அப்புறம் கணக்கு இப்படி நின்னுச்சு: ஒன்றிய வரி லிட்டருக்கு 19.90, அதுல சிறப்பு கூடுதல் 11, சாலை செஸ் 5, வேளாண் செஸ் 2.50, அடிப்படை 1.40. அந்த 1.40ல 41 சதவீதம்னா 57 பைசா, அது எல்லா மாநிலத்துக்கும் சேத்து. அதுல தமிழ்நாட்டோட பங்கு அப்ப 4.079 சதவீதம். கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், ரெண்டு பைசா சொச்சம் வந்துச்சு, தப்பா போட்டேனோன்னு மறுபடி போட்டேன், அதேதான். மாநில அரசும் தன் பங்குக்கு வாட் வாங்குது, அதை மறைக்கல, 2021 ஆகஸ்ட்ல அதுல பெட்ரோலுக்கு 3 ரூபா குறைச்சாங்க. ஆனா அந்த ஒன்றிய வரி 19.90ல நம்மகிட்ட திரும்பி வந்த பங்கு ரெண்டு பைசான்னா அந்த மீதி எதுக்கு வாங்குனாங்களோ அதுக்கு போகுதான்னு கேக்குற உரிமை நமக்கு இருக்கு.

போகுதா? 2018-19 கணக்கை தணிக்கை பண்ண சிஏஜி (அரசுக் கணக்கை பாக்குற தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கைல அந்த வருஷம் 35 செஸ்ல வசூலானது 2.74 லட்சம் கோடி, அதுக்குன்னு இருக்க வேண்டிய தனி நிதிகளுக்கு போனது 1.64 லட்சம் கோடி. மிச்சம் பொதுக் கஜானாலயே தங்கிடுச்சு. கச்சா எண்ணெய் செஸ்ல 2009-10லருந்து பத்து வருஷத்துல வசூலான 1.24 லட்சம் கோடி, எந்த வாரியத்துக்குன்னு வாங்குனாங்களோ அந்த வாரியத்துக்கு போகவே இல்லன்னும் அதுல இருக்கு. பேர் சொல்லி வாங்கிட்டு பேர் சொன்ன இடத்துக்கு குடுக்கலைன்னா அப்புறம் அது செஸ்ஸே கிடையாது, என்னை பொறுத்தவரைக்கும் அந்த சொல்லோட உயிரே அதுலதான் இருக்கு.

செஸ் பணத்தை திட்டங்கள் வழியா மாநிலத்துலதானே செலவு பண்றோம்னு ஒன்றியம் சொல்லும். கல்வி செஸ்ல ஒரு பகுதி அப்படித்தான் வருது, சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு. ஆனா பங்கா வர்ற பணத்துக்கும் திட்டமா வர்ற பணத்துக்கும் நடுவுல நிபந்தனைன்னு ஒண்ணு இருக்கு. 2024-25க்கு தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா பணம், மாநில அரசு சொல்ற கணக்குல 2,152 கோடி, பிஎம் ஸ்ரீங்கிற ஒன்றியத்தோட மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, தேசிய கல்விக் கொள்கையை ஏத்துக்கலன்னு நிறுத்தி வெச்சாங்க, 2025 மே மாசம் விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. உடல்நலத்துக்கும் கல்விக்கும்னு 4,000 ரூபா செஸ் கட்டுனவங்க இங்கயும் இருக்காங்க, அந்த பணத்துக்கு காத்துட்டு இருந்த பள்ளிக்கூடமும் இங்கதான் இருக்கு.

உள்ளாட்சிக்கும் இதே கதை, ரூட்டு மட்டும் வேற. 15ஆவது நிதிக் குழு நகராட்சி, மாநகராட்சிகளுக்கு மானியம் வேணும்னா சொத்து வரிக்கு குறைஞ்சபட்ச அளவு நிர்ணயிக்கணும், வசூல் மாநில பொருளாதார வளர்ச்சிக்கு ஈடா ஏறணும்னு நிபந்தனை வெச்சுச்சு. 2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல சொத்து வரி வீட்டோட சதுர அடியை பொறுத்து 25லருந்து 150 சதவீதம் வரைக்கும் ஏறுனப்ப அரசு சொன்ன காரணங்கள்ல இது முதல் வரிசைல இருந்துச்சு. வாடகை வீட்டுக்காரங்களுக்கு இது வரியா வராது, "வீட்டு வரி ஏறிடுச்சு தம்பி, அடுத்த மாசத்துலருந்து 500 சேத்து குடுங்க"ன்னு வீட்டு ஓனர் சொல்றதா வரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு. அவர் மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது, அவருக்கும் அது மேலருந்து வந்ததுதான்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது. செஸ்னு அப்படியே எழுதுனா முதல் பிரச்சனை, சதுரங்கத்துக்கும் அதே எழுத்து, தலைப்புல "செஸ் உயர்வு"ன்னு பாத்தா ஒரு நொடி விஸ்வநாதன் ஆனந்த்தான் ஞாபகம் வர்றார். செஸ் வரின்னு எழுதுறது வரி வரின்னு ரெண்டு தடவை சொல்றது. அதிகமா புழங்குறது மேல்வரி. நல்ல சொல்தான், ஆனா அது எங்க உக்காந்திருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, எதுக்குன்னு சொல்லல. அதோட சர்சார்ஜுக்கும் அதே சொல்லை போடுறாங்க. தாத்தா ரசீதுலயே தலவரிதான் செஸ், அது மேல ஏறுற சர்சார்ஜுக்குத்தான் தலமேல்வரி. அந்த வழக்கு சரின்னு நினைக்கிறேன். மேல்வரியை சர்சார்ஜுக்கு விட்டுடலாம். தீர்வைன்னா ஆயத்தீர்வை, சுங்கத்தீர்வைன்னு ஏற்கனவே வேற வேலைல இருக்கு.

சோழர் கல்வெட்டுல வர்ற வரிப்பேர்களை பாருங்க, ஊர்க் காவலுக்கு வாங்குனது பாடிகாவல், ஏரிக்குன்னு வாங்குனது ஏரி ஆயம். வேலையோட பேரே வரியோட பேரு. நூலக வரியும் அதே வழிதான். அதனால பொதுப்பேரா நோக்கவரின்னு வெச்சுக்கிட்டு முன்னாடி வேலையை சேத்து எழுதலாம்ங்கிறது என் கருத்து: கல்வி நோக்கவரி, வேளாண் நோக்கவரி, சாலை நோக்கவரி. வெறுமனே சாலை வரின்னா வண்டி வாங்கும்போது மாநிலத்துக்கு கட்டுறதோட குழம்பிடும், அதுக்காகவே நோக்கம் நடுவுல இருக்கணும். பங்க்ல குடுக்குற பில்லுல லிட்டருக்கு மேல்வரி இவ்வளவு, சாலை நோக்கவரி இவ்வளவு, வேளாண் நோக்கவரி இவ்வளவு, பங்கு போடுற வரி இவ்வளவுன்னு நாலு வரியா அச்சடிச்சு குடுத்தா, டேங்க் மூடியை திருகிட்டு வண்டில ஏறுறதுக்குள்ளயே படிச்சிடலாம்.