செல்லுக்குள் மாத்திரை என்ன செய்கிறது? கர்ப்பமும் எச்.ஐ.வி சிகிச்சையும்

“இத்தனை மாத்திரையும் வயிற்றுப் பிள்ளைக்குத்தானே போய்ச் சேரும், டாக்டர்? ஒரு மூணு மாசம் நிறுத்தி வைக்கலாமா?” எச்.ஐ.வி உள்ள கர்ப்பிணிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. சிலர் கேட்பதே இல்லை, தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) அறிக்கை வந்ததும் விஷயம் வெளியே வந்துவிடும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? நோய் எதிர்ப்புக்கான வெள்ளணுக்களில் ஒரு வகையான சிடி4 செல்லுக்குள் நுழையும் வைரஸ், தன் ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாக மாற்றி, அந்தச் செல்லின் மரபணுவிலேயே செருகிவிடுகிறது. இப்படிப் பதுங்கிய செல்களை எந்த மாத்திரையும் அழிப்பதில்லை, புதிய செல்களைத் தொற்றவிடாமல் தடுப்பதோடு சரி. மாத்திரை நின்ற சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறிவிடும். நஞ்சுக்கொடி ஓரளவு நல்ல அரண்தான். அதைத் தாண்டிக் கர்ப்பத்திலேயே தொற்று போவதும் உண்டு. ஆனால் தாயின் ரத்தமும் திரவங்களும் குழந்தைமேல் படும் பிரசவ நேரமே அதிக ஆபத்தானது. சிகிச்சையே இல்லாவிட்டால், தாய்ப்பால் வழியையும் சேர்த்து, 15 முதல் 45 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று போகும். வைரஸ் நன்றாக அடங்கியிருந்தால் பிரசவத்தில் போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே.

சரி, மாத்திரை செல்லுக்குக் கெடுதல் செய்யாதா? பழைய மருந்துகளைப் பொறுத்தவரை இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1994-ல் வெளிவந்த ஆய்வில் சிடோவுடின் மருந்து குழந்தைக்குத் தொற்றுவதை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. ஆனால் அது செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ-வைப் பிரதி எடுக்கும் நொதியையும் கொஞ்சம் தடுக்கும், ரத்தசோகையும் தரும். கருவில் அந்த மருந்து பட்டு, தொற்று இல்லாமல் பிறந்த சில குழந்தைகளிடம் மைட்டோகாண்ட்ரியா கோளாறு இருந்ததை 1999-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் தெரிவித்தார்கள். அரிதுதான், ஆனாலும் மறைக்க வேண்டிய விஷயம் இல்லை. இன்று பரவலாகக் கொடுக்கப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் அந்த நொதியை மிகக் குறைவாகவே தொடுகின்றன. கூடவே தரப்படும் டோலுடெக்ராவிர் பற்றி 2018-ல் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது: குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடு கூடுகிறதோ என்று. மேலும் பல பிரசவங்களைச் சேர்த்துப் பார்த்ததில் அந்த வித்தியாசம் கரைந்துபோனது. இணையத்தில் பழைய செய்திதான் இன்னும் சுற்றுகிறது.

நான் நேரில் அதிகம் பார்க்கும் சிக்கல் வேறு. வைரஸ் நம் செல்லின் மரபணுவில் செருகிக்கொள்ள உதவும் நொதியின் மையத்தில் மக்னீசியம் இருக்கிறது. டோலுடெக்ராவிர் அந்த உலோகத்தைப் பற்றிக்கொண்டு நொதியை முடக்குகிறது. அதே குணம் வயிற்றில் காலை வாரிவிடும். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கினால், அந்த உலோகங்களோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் போய்விடும். கர்ப்பிணிக்கு இரண்டும் தினமும் உண்டே! ஒரு நாள்கூடத் தவறாமல் போடுகிறவருக்கு வைரல் லோடு இறங்காவிட்டால், திட்டுவதற்கு முன் எந்த மாத்திரையை எப்போது போடுகிறார் என்று கேளுங்கள். சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ டோலுடெக்ராவிர் போடலாம். அது முடியாதென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டாலும் போதும். ஆனால் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்துக்கு இந்தச் சலுகை கிடையாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

அப்புறம், கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுவதால் சிடி4 எண்ணிக்கை நீர்த்துக் குறைந்து தெரியும். வெள்ளணுக்களான லிம்போசைட்டுகளில் சிடி4 செல்கள் எத்தனை சதவீதம் என்பது பெரிதாக மாறாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிறந்த குழந்தைக்குச் சாதாரண எச்.ஐ.வி பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தாலும் பதற வேண்டியதில்லை. அந்தப் பரிசோதனை தேடுவது எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி); நஞ்சுக்கொடி வழியே போன தாயின் எதிர்ப்பொருள்கள் 18 மாதம் வரைகூடத் தங்கும். வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனைதான் குழந்தைக்குத் தொற்று உண்டா என்று சொல்லும். முதல் பிசிஆர் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் எடுக்கப்படும். தாய்ப்பால் நிறுத்திச் சில மாதங்கள் ஆகும் வரை பரிசோதனைகள் தொடரும், தாயின் மாத்திரை அதற்கப்புறமும் தொடரும்.