வெங்கச்சங்கல் மாவில் இத்தனை ரகமா?

சின்ன வயதில் இருட்டில் உட்கார்ந்து இரண்டு வெங்கச்சங்கற்களை உரசிப் பார்த்திருப்பீர்கள், கல்லுக்குள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஓடும், அப்புறம் கருகின மாதிரி ஒரு வாசம். அதுதான் குவார்ட்ஸ். ஒரு சிலிக்கானுக்கு இரண்டு ஆக்சிஜன், அவ்வளவுதான் சரக்கு. நாமக்கல், கரூர் பக்கமெல்லாம் இதை வெட்டி எடுக்கிறார்கள்.

அரைத்து மூட்டை கட்டினால் எல்லாம் ஒரே வெள்ளை மாவு. ஆனால் கண்ணாடி ஆலைக்குப் போவதைப் பெயின்ட்காரர் தொட மாட்டார், பெயின்ட்காரர் வாங்குவதைக் கண்ணாடி ஆலைக்குக் கொண்டுபோனால் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு நைஸ், எவ்வளவு இரும்பு, பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விதான் விலையைத் தீர்மானிக்கிறது.

நைஸை மெஷ் கணக்கில் சொல்வார்கள். சல்லடையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண் என்பதுதான் மெஷ், எனவே எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும்: 200 மெஷ் சுமார் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), 325 மெஷ் சுமார் 45. அதற்கும் கீழே போனால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும். அங்கே களத்தில் நெல் தூற்றுகிற வித்தைதான், காற்றை விட்டுக் கனமானதை விழவைத்து, பறக்கிறதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பெரிய தலைவலி இரும்பு. ஜன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள், பச்சை தெரியும். மணலோடு வந்த இரும்பு ஆக்சைடு செய்கிற வேலை அது. சோலார் பேனல் கண்ணாடியில் அந்த இரும்பு வெயிலில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் 0.01 சதவீத அளவுக்கு இரும்பு குறைந்த மணல் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால், கல்லில் இல்லாத இரும்பை நாமே சேர்த்துவிட முடியும். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரண எஃகு அதற்குக் கீழே, அதனால் எஃகு குண்டு போட்டு அரைத்தால் மாவு குண்டையே தேய்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். நல்ல ரகம் அரைக்கிற பால் மில்லுக்குள், அதாவது குண்டுகள் உருண்டு அரைக்கிற உருளைக்குள், கல்லோ பீங்கானோ பதித்து, கூழாங்கல் அல்லது அலுமினா குண்டு போடுவது அதனால்தான். கடைசியில் காந்தமும் வைப்பார்கள், ஆனால் படிகத்துக்குள் மாட்டிக்கொண்ட இரும்பைக் காந்தம் ஒன்றும் செய்யாது.

நைஸ் என்றாலே உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். கண்ணாடி உலையில் மாவாகப் போட்டால் புகையோடு பறந்துவிடும், மணலாகத்தான் வேண்டும். சிலிக்கான் எடுக்கிற மின் உலைக்கோ கட்டி கட்டியாகவே போக வேண்டும், இடைவெளி இருந்தால்தான் உள்ளே உண்டாகிற வாயு மேலே ஏறும். 200 மெஷ் சுற்றியுள்ள மாவு டைல்ஸ், பீங்கான்காரர்களுக்கு. சூளை ஆறும்போது 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று சுருங்கும், அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் விரிசல்தான்.

எல்லாவற்றுக்கும் உச்சம், சிப்புக்கான சிலிக்கானை உருக்கும் மூசை. அதற்கான அதிசுத்தக் குவார்ட்ஸுக்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரூஸ் பைன் என்கிற சின்ன ஊர். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அங்கே சுரங்க வேலையை நிறுத்தியபோது சிப் தொழிலே பதறியது.

சரி, அரைக்கிற இடத்தில் நிற்பவர் கதை வேறு. கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சில மைக்ரான் அளவுள்ள படிகத் தூள் நுரையீரலின் காற்றறை வரை போய், அதைத் தழும்பாக்கும் சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும், அதைக் குணமாக்க மருந்து இல்லை. வாயில் துண்டு கட்டினால் போதாது, தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும் அல்லது தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். சமையலறை மேடைக்குப் போடுகிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகையை ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் தடை செய்ததும் அதை வெட்டுகிறவர்களுக்கு வந்த இந்த நோயால்தான். பற்பசை டியூபில் சிலிக்கா என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது சோடியம் சிலிக்கேட்டில் அமிலம் விட்டு எடுத்த, படிகமே இல்லாத வேறு சரக்கு.