புதுத் தார் வீதியும் சைக்கிளில் வரும் பிள்ளைகளும்

வன்னியில் ஒரு கிராமத்து வீதிக்குத் தார் போடப்படும்போது ஊரே மகிழ்கிறது. குன்றும் குழியுமான வீதியில் பிரசவ வலியோடு லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கிய தாய்மாரைப் பார்த்தவன் என்ற வகையில் அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், அதே வாரத்தில்தான் முழங்கால் உரிந்து, உள்ளங்கையில் சல்லி புதைந்து, எமது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் சைக்கிள்காரர்களும் கூடுகிறார்கள் என்பதை ஒரு வைத்தியராகச் சொல்லியே ஆகவேண்டும்.

ஏ9 போன்ற பெருவீதிகளைப் போல உள்வீதிகள் எல்லாவற்றுக்கும் காபெற் எனப்படும், தாரும் கல்லும் சேர்த்துச் சூடாகக் கலந்த கலவை போடப்படுவதில்லை. பல இடங்களில் தாரைத் தெளித்து, அதன் மேல் சல்லிக்கல்லைப் பரப்பி, ரோலரால் அழுத்திவிடுகிறார்கள். கல்லின் பருமன் பெரும்பாலும் 6 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்கும். தார் வெளியே தெரிந்தால் சக்கரங்களில் ஒட்டிப் பிடுங்கும் என்பதால், ஒட்டக்கூடிய அளவைவிடச் சற்று அதிகமாகவே கல் பரப்பப்படுகிறது. அது முறையான வேலைதான். மிஞ்சும் கல்லை வாகனச் சக்கரங்கள் சில நாட்களில் ஒதுக்கித் தள்ளிவிடுகின்றன. அவ்வாறு ஒதுங்கிய கல் சேரும் இடங்கள் வீதியின் ஓரமும், வளைவுகளும், சந்தியின் வாயும் ஆகும். சைக்கிள்காரர் ஓடுவதும், பிரேக் பிடிப்பதும், திரும்புவதும் அதே இடங்களில்தான். லொறி ஓடிய தடம் இறுகி உறுதியாக இருக்க, அதற்கு இரண்டு அடி தள்ளி, சீமெந்து நிலத்தில் கொட்டிய பயறு போலக் கல் உருண்டு கிடக்கும். அதன் மேல் முன்சக்கரம் ஏறிய நேரத்தில் பிரேக்கை இறுக்கினாலோ, சைக்கிளைச் சரித்துத் திருப்பினாலோ, சில்லு வழுக்கிவிடும். காலை ஊன்றுவதற்குக்கூட அவகாசம் கிடைக்காது.

மெதுவாக விழுந்தால் பெரிய காயம் வராது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை எனக்குக் காட்டியவன் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன். பாடசாலை விட்டு, தகப்பனின் பெரிய சைக்கிளில் வந்தவன், தன் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் சல்லியில் சறுக்கி விழுந்திருந்தான். “மெல்லமாத்தான் வந்தவன் டொக்டர், முழங்கால்தான் உரிஞ்சு போச்சு” என்றார் தாய். கிணற்று நீரில் காயத்தைக் கழுவித்தான் கூட்டி வந்திருந்தார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பையன் சற்றுக் குனிந்தே நடந்தான். சேட்டைத் தூக்கிப் பார்த்தபோது, தொப்புளுக்கு மேலே ஐந்து ரூபாய்க் குற்றியளவில் வட்டமான ஒரு சிவந்த அடையாளம் இருந்தது. சில்லு திரும்பி விழும்போது ஹாண்டிலின் நுனி வயிற்றில் குத்தியிருக்கிறது. பிடியின் றப்பர் எப்போதோ கழன்று போய், வெறும் இரும்புக் குழாய்தான் மிஞ்சியிருந்தது என்று தாய் பின்னர் சொன்னார்.

அன்று மாலை வரை அவனுக்குப் பெரிய வலி இருக்கவில்லை. இரவில் வாந்தி தொடங்கியது. பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பியபோது, முன்சிறுகுடலின் சுவருக்குள் இரத்தம் கட்டியிருப்பது ஸ்கானில் தெரிந்தது. சத்திரசிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் தேறிவிட்டான். அன்று முழங்காலுக்கு மட்டும் மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைப்பதுண்டு. ஹாண்டில் குத்தினால் ஈரல், மண்ணீரல், கணையம், குடல் ஆகியவற்றில் எதுவும் காயப்படலாம்; வெளியே தோல் கிழிந்திருக்க வேண்டியதில்லை, அறிகுறிகள் பல மணி நேரமோ ஓரிரு நாட்களோ கழித்தும் வரலாம். சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைக்கு வயிற்றில் அடையாளமோ, வலியோ, வாந்தியோ, தோள்மூட்டில் காரணமில்லாத நோவோ இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

உரிந்த காயத்தையும் சிறிதாக எண்ணக் கூடாது. கல்தூளும் தார்த்தூளும் தோலுக்குள் தங்கிவிட்டால், காயம் ஆறிய பின்னரும் பச்சை குத்தியது போல நீலக்கறுப்புத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். முகத்தில் அப்படி வந்தால் பிள்ளை வளர்ந்தும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். சுத்தமான நீரைத் தாராளமாக ஓடவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவியும் போகாத துணிக்கைகளை, அந்த இடத்தை மரக்கச் செய்து, தேய்த்தெடுப்பது எமது வேலை. அதற்கு அன்றைக்கே வரவேண்டும். கோப்பித்தூள், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். ஒட்டிய தாரை எடுக்கப் பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்ற வேண்டாம். ஏழாம் வகுப்பில் பாடசாலையில் போடப்படும் ஏற்புவலித் தடுப்பூசியைத் தவறவிட்ட பிள்ளைகளும், கடைசியாக எப்போது போட்டோம் என்று தெரியாத பெரியவர்களும் அதை மறவாமல் சொல்ல வேண்டும். கையை ஊன்றி விழுந்தவருக்குப் பெருவிரலின் அடியிலுள்ள குழியில் அழுத்தும்போது நோகுமானால், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாவிட்டாலும், 10 முதல் 14 நாட்களில் மீண்டும் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஓட்டும் முறையைப் பற்றி நான் பெற்றோரிடம் சொல்வது அதிகமில்லை. கல் குவிந்த இடத்துக்கு வருமுன்னரே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல் நேராகப் போகச் சொல்லுங்கள். திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கி உருட்டிச் செல்லட்டும். எந்தக் கைப்பிடி முன்பிரேக்குக்கு உரியது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் மாற்றிப் பூட்டப்பட்ட சைக்கிள்களும் உண்டு. அந்த ஒரு வாரமாவது கரியரிலோ பாரிலோ தம்பி தங்கையை ஏற்ற வேண்டாம். பஸ்ஸோ லொறியோ கடக்கும்போது சற்று நின்றுவிடுவதே நல்லது, ஏனெனில் சக்கரம் தெறிக்கவிடும் கல் கண்ணில் படலாம். அப்படிப் பட்டால் கண்ணைக் கசக்காமலும் அழுத்தாமலும் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள். ஹாண்டில் பிடியின் றப்பர் கழன்றிருந்தால், இன்றைக்கே ஒரு சோடி வாங்கிப் பூட்டிவிடுங்கள்.

வீதி வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மிஞ்சிய கல்லைக் கூட்டி அள்ளுவதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான். முழு வீதியையும் உடனே கூட்ட முடியாவிட்டாலும், பாடசாலை வாசலையும், அதற்கு அடுத்துள்ள சந்தியையும், மதகின் இறக்கத்தையும் மட்டுமாவது, பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விடுவதற்கு முன், இரண்டு பேரை விட்டுத் தும்புத்தடியால் கூட்டிவிடுங்கள்.