பட்டாவில் புஞ்சை, மண்ணில் ஈயம்

"சார், கொட்டகையத்தான் பிரிச்சிட்டாவளே, இனி ஆட்ட மேய விடலாம்லா?"

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு காலி நிலத்தில் மண் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். முன்பு அங்கே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள். இப்போது உடைந்த கறுப்பு ஓடுகள் மட்டும் கிடக்கின்றன, அவற்றின் நடுவே அருகம்புல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. "அண்ணாச்சி, சோதனை முடிவு வரட்டும். அதுவரை கட்டிப்போட்டே தழை ஒடிச்சுப் போடுங்க" என்றேன்.

தன் பக்கத்து வயலின் மண்வள அட்டையைக் காட்டி, "எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கு" என்றார். பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்த அட்டை தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம் என்று 12 அளவுகளைச் சொல்லும். ஈயம் அதில் இல்லை. அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஈயம் மக்காது. மழை பெய்தாலும் எளிதில் கீழே இறங்காமல் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் புல்லை ஒதுக்கிவிட்டு முதல் அரை அடி மண்ணைத் தனியாகவும், அதற்குக் கீழே உள்ளதைத் தனியாகவும் எடுப்போம். ஒப்பிட்டுப் பார்க்க, தள்ளியிருக்கும் நல்ல நிலத்திலும் ஒரு பிடி. அந்தப் புழுதியில் விளையாடிய கையோடு சாப்பிடும் குழந்தைக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

நிலம் கெட்டது ஒரு அலுவலகத்துக்குத் தெரியும், மற்றதற்குத் தெரியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மூடச் சொன்ன உத்தரவு இருக்கும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அதே சர்வே எண் வெறும் புஞ்சை. நாளைக்கு மனைப்பிரிவு அனுமதி கேட்டு வரும் கோப்பில் ஈயம் என்ற சொல்லே இருக்காது. வீடு வாங்குகிறவர் யாரைப் போய்க் கேட்பார்?

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகமான இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். அப்புறம்தான் விரிவான ஆய்வும், கெட்ட மண்ணை எடுப்பதா மூடுவதா என்ற திட்டமும். கெடுத்தவர் யாரென்று தெரிந்தால் செலவும் அவர் தலையில்தான். பட்டியலில் ஏறாவிட்டால் எதுவுமே தொடங்காது.

துறைகள் சேர்ந்தால் முடியும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2024 டிசம்பரில் நம் நெல்லை மாவட்டத்தில் கோடகநல்லூர், கொண்டாநகரம் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்ததும், கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து, நம் அதிகாரிகள் முன்னிலையில் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மாநிலம் செய்ததை ஒரே மாவட்டத்தின் நாலு அலுவலகங்கள் செய்ய முடியாதா?

பெரியவரிடம் அந்த சர்வே எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்து, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள் என்றேன். பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.