30எச்: மதிப்பா, முகவரியா?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் இரண்டு நாளாக ஒரு 8051 (சிறு மைக்ரோகன்ட்ரோலர் சிப்) போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சின்னத் தாமத லூப் 48 முறை சுற்ற வேண்டும், ஹெக்ஸில், அதாவது 16-அடிமான எண்முறையில், 30எச். பவரை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு வேகம். ரீசெட் பட்டனை அழுத்தினாலோ வேகம் மாறுவதில்லை. சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார்.

ரீசெட்டுக்கு மாறாமல் பவருக்கு மட்டும் மாறுகிறது என்றதுமே எனக்கு ராம் (தற்காலிக நினைவகம்) மேல்தான் சந்தேகம் வந்தது. கோடில் 'மூவ் ஆர்2, #30எச்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மூவ் ஆர்2, 30எச்' என்று இருந்தது. மூவ் என்பது ஒரு மதிப்பை நகலெடுக்கும் கட்டளை; ஆர்2 என்பது லூப்பின் எண்ணிக்கையை வைத்திருக்கும் ரெஜிஸ்டர், சிப்புக்குள் ஒரு சிறு சேமிப்பிடம். # இருந்தால் இமீடியட் மோடு: 30எச் என்ற எண்ணே ஆர்2-க்குள் போகும். # விடுபட்டால் டைரக்ட் மோடு: ராமில் அந்த முகவரியில் என்ன கிடக்கிறதோ அது போகும். பவர் வந்ததும் அங்கே ஏதோ ஒரு எண் கிடக்கும். ரீசெட் ராமைத் தொடாது. அங்கே பூஜ்யம் இருந்தால் இன்னும் மோசம். லூப்பைச் சுற்றவைக்கும் டிஜேஎன்இசட் கட்டளை முதலில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் பூஜ்யமா என்று சோதிக்கும் என்பதால் லூப் 256 முறை சுற்றும்.

கோடைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் அசெம்ப்ளர் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்டார். இரண்டுமே செல்லுபடியாகும் கட்டளைகள். அதற்கு எப்படித் தெரியும்? லினக்ஸ் கணினியில் # போலவே பயன்படும் $ குறியை விட்டுவிட்டு 'மூவ் 5, %ஈஏஎக்ஸ்' என்று எழுதினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (அனுமதியில்லாத நினைவகத்தைத் தொட்டால் வரும் பிழை) வந்து காட்டிக்கொடுத்துவிடும். 8051-இல் அந்தக் காவல் கிடையாது.

இமீடியட், டைரக்ட் போன்ற அட்ரஸிங் மோடுகளைத் தேர்வுக்காகப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால்தான் இப்படி ஆகிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஆபரண்டிலும் (கட்டளையோடு வரும் எண் அல்லது இடம்) ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த எண் பொருளா, பொருள் இருக்கும் இடமா, அந்த இடத்தை எழுதிவைத்திருக்கும் சீட்டா? மூன்றாவதுதான் இன்டைரக்ட்.

8051-இன் விரிவாக்கமான 8052-இல் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'மூவ் ஏ, 90எச்' என்றால் போர்ட் 1-ஐப் படிக்கும். ஆர்0-இல் அதே 90எச்சை வைத்து 'மூவ் ஏ, @ஆர்0' என்றால், அதாவது இன்டைரக்ட் மோடில், ராமைப் படிக்கும். எண் ஒன்று, போய்ச் சேரும் இடம் இரண்டு! 80எச் முதல் மேலே டைரக்ட் மோடு சிறப்பு ரெஜிஸ்டர்களுக்கும் இன்டைரக்ட் மோடு ராமின் மேல்பாதிக்கும் போகும்படிதான் அந்தச் சிப்பை அமைத்திருக்கிறார்கள். 8051-க்குச் சி மொழியில் எழுதினாலும் இதிலிருந்து விடுதலை இல்லை. 'டேட்டா', 'ஐடேட்டா' என்று மாறியை அறிவிக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுப்பது இந்த மோடைத்தான்.

சந்தேகம் வந்தால் அசெம்ப்ளர் தரும் லிஸ்டிங் கோப்பைத் திறந்து ஆப்கோடை (கட்டளையின் எண் குறியீட்டை) பாருங்கள். ஆர்2-க்கு இமீடியட் என்றால் 7ஏ, டைரக்ட் என்றால் ஏஏ. அன்று அப்படித் தேடியபோது அதே கோடில் இன்னும் இரண்டு ஏஏ அகப்பட்டன.